தானாக ஒலித்த ஹாரன்

நவம்பர் 5, செவ்வாய்

காலை 162/100.

ரத்த அழுத்தத்தைத் தினமும் குறித்துவைக்க ஒரு நோட்டு வாங்கச் சொன்னார் டாக்டர். அதற்கு ஒரு வரி போதும். மிச்சப் பக்கத்தை வெறுமனே விட மனமில்லாமல் எழுதுகிறேன்.

இன்று பத்து மணிக்கு வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நிற்கும் என் லாரி தானாக ஹாரன் அடித்தது. உள்ளே ஆளில்லை, சாவி என் சட்டைப்பையில். நான் ஓடிப்போய் பேட்டரி வயரைக் கழற்றும் வரை அடித்துக்கொண்டே இருந்தது. ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் மதில் மேல் தலையை நீட்டி, "சார், உங்க லாரி கூப்புடுதுங்களே, என்னான்னு கேளுங்க" என்றார். சங்ககிரியில் வேலையில்லாதவர்களுக்குக் குறைவில்லை.

இருபத்திரண்டு வருடம் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுத்தவன் நான். துறையை மூடுகிறோம் என்று ஒரே கடிதத்தில் அனுப்பிவிட்டார்கள். அப்பா இறந்த பிறகு தம்பி இரண்டு புது வண்டிகளை எடுத்துக்கொண்டு, 2012 மாடல் பத்து சக்கர வண்டி ஒன்றை எனக்குத் தள்ளினான். வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். வரும் 28ஆம் தேதி அதற்குத் தகுதிச் சான்று வாங்க வேண்டும், எஃப்சி. ஒரு விளக்கு எரியாவிட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டிரைவர் சித்தையனை நிறுத்தி எட்டு நாள் ஆகிறது. அக்டோபர் 27, மாலை ஆறரை மணி, தொப்பூர் கணவாய் இறக்கம், மழை. மக்காச்சோள லோடோடு வண்டியை இடப்பக்க மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினான். லைட், வைப்பர், ஹாரன் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விட்டனவாம். மறுநாள் வெயிலில் நானே போய்ச் சாவி போட்டேன். மூன்றும் வேலை செய்தன. அங்கேயே கணக்கு முடித்தேன். தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. அதை அவன் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் பகுதி லாரி உரிமையாளர் வாட்ஸப் குழுவில் அவன் லைசென்ஸ் படத்தைப் போட்டு, குடித்துவிட்டு ஓட்டுபவன், யாரும் வேலை கொடுக்க வேண்டாம் என்று எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கும் குழு. ஒரு எழுத்துப் பிழை இல்லை. அந்தக் குழுவில் அப்படி எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நவம்பர் 6, புதன்

158/98. மழை. பேட்டரி கழற்றியிருப்பதால் அமைதி.

நவம்பர் 8, வெள்ளி

160/98.

பேட்டரியை மாட்டி நானே பார்த்தேன். ஃப்யூஸ் எல்லாம் சரி. ரிலே நாலைக் கழற்றி மாற்றினேன். சேஸிஸில் எர்த் வயர் பிடிக்கும் மூன்று இடத்திலும் துருவைச் சுரண்டினேன். பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஓடுகிறது. இடது இன்டிகேட்டரைப் போட்டால் இரண்டு பக்கமும் மினுங்குகிறது, பிறகு எதுவும் மினுங்குவதில்லை. மல்டிமீட்டரோடு டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது என் மனைவி ரேணுகா காபி கொண்டுவந்தாள்.

"அன்னிக்கி சித்தையன் இதையேதான சொன்னாரு?" என்றாள்.

"மறுநாள் எல்லாம் எரிஞ்சுது."

"இன்னிக்கி எரியலையே."

ரேணுகா பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். எந்தக் காகிதத்தில் எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பதே அவள் வேலை.

இவ்வளவு சுத்தமான வண்டியில் ஏன் இப்படி என்றுதான் புரியவில்லை. ஆயுத பூஜைக்கு நானே பம்ப் வைத்துக் கழுவினேன். கேபினுக்குள்ளும் டாஷ்போர்டு இடுக்கு விடாமல் அடித்தேன். "உள்ள துணியில தொடச்சாப் போதுமுங்க" என்று சித்தையன் நின்றான். சோம்பேறித்தனம். ஃப்யூஸ் பெட்டி மூடி வரைக்கும் மஞ்சள் தண்ணி தெளித்து, சந்தனம் வைத்து, குங்குமம் இட்டேன். அன்று அவனுக்கு ஒரு புதுச் சட்டையும் கொடுத்தேன். வேலையை விட்டு நிறுத்தியதும் அதை உறை பிரிக்காமல் வீட்டுத் திண்ணைமேல் வைத்துவிட்டுப் போனான். திமிர்.

நவம்பர் 11, திங்கள்

164/100.

இந்த மாடலை லேப்டாப்பில் இணைத்துப் படிக்கத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் இந்த ஊரில் ஒருவன்தான். அப்ரோஸ். என் பழைய மாணவன். 2011இல் என்மேல் கல்லூரி முதல்வருக்குப் போன புகார் மனுவில் முப்பத்தொரு கையெழுத்து; அவனுடையது பதினேழாவது. 'கேள்வி கேட்க விடுவதில்லை' என்பது குற்றச்சாட்டு. மூன்று நாள் யோசித்துவிட்டு, வேறு வழியில்லாமல் போனேன்.

கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தான். "சார்! வாங்க சார், உக்காருங்க. டேய், அந்த ஸ்டூல்ல இருக்கற ஸ்பேனர எடு."

நின்றுகொண்டே சொன்னேன். வண்டியைப் பார்க்க உடனே கிளம்பி வந்தான். லேப்டாப்பைச் செருகி, ஒரு கம்பியை ஆட்டி, காதை வைத்துக் கேட்டு, அரை மணி நேரம் பார்த்தான். பிறகு, "பிசிஎம் போச்சு சார்" என்றான்.

பாடி கன்ட்ரோல் மாட்யூல். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கறுப்புப் பெட்டி. லைட், வைப்பர், ஹாரன், இன்டிகேட்டர் எல்லாம் அது சொன்னால்தான் வேலை செய்யும். அதைத்தான் நான் சந்தேகித்திருக்க வேண்டும். ரிலேயைச் சந்தேகித்தேன்.

"நீங்க நடத்துனதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்கல சார்," என்றான். "முதல்ல அளந்து பாரு, அப்புறம் பேசு. என் பசங்களுக்கு அதத்தான் தினமும் சொல்றேன்."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எனக்கு நேரில் நன்றி சொல்ல வராது. இங்கே எழுதிவைக்கிறேன்: கூப்பிட்டதும் வந்தான்.

நவம்பர் 12, செவ்வாய்

160/96. ஷோரூமுக்கு இந்த மாட்யூல் வருவது நின்று நாலு வருடம் ஆகிறதாம். சொன்ன பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நவம்பர் 14, வியாழன்

156/96.

லாரி உடைக்கும் யார்டுக்கு அப்ரோஸ் அழைத்துப் போனான். சேறும் டீசலும் கலந்த தரை. கதவில்லாத கேபின்கள் வரிசையாக. ஒவ்வொன்றின் கண்ணாடிக்கு மேலும் யாரோ ஒருவர் பிள்ளையின் பெயர். யார்டு நடத்துபவர் பாப்பாத்தியம்மா, அறுபது வயதிருக்கும், இடுப்பில் சாவிக்கொத்து.

"என்ன வேணுங் கண்ணு, கியர் பாக்ஸா?"

"லைட்டு கம்ப்யூட்டருங்கம்மா. 2012."

"பத்து சக்கரம் ரெண்டு கெடக்குது, ஒரு டிப்பர் கெடக்குது. தேடிக்க. மழைத்தண்ணி ஏறுனத எடுக்காத, எடுத்துட்டு வந்து என்னைய திட்டாத."

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணில் கடைசி மூன்று இலக்கமும் பொருந்த வேண்டும். முதல் இரண்டு வண்டியிலும் பொருந்தவில்லை. டிப்பரின் டாஷ்போர்டுக்குள் நான்தான் கையை விட்டேன். அப்ரோஸின் கை பெரியது, நுழையவில்லை. எண்ணை வாசித்தபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அப்ரோஸ் கைதட்டினான். பாப்பாத்தியம்மா, "எதுக்கு இப்படி ஊளையிடறீங்க, குடிங்க" என்று டீ வரவழைத்தார். சேற்றில் நின்றுகொண்டு குடித்தேன். நல்ல டீ.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு பொருளைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை ரேணுகாவிடம் சொன்னேன். இரண்டாவது தடவையும் முதல் தடவை போலவே கேட்டுக்கொண்டாள்.

நவம்பர் 18, திங்கள்

150/94.

மாட்டியாயிற்று. பேட்டரியைக் கழற்றி, கால் மணி நேரம் காத்திருந்து, நாலு சாக்கெட்டையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துவைத்துவிட்டுப் பிரித்தோம். புதியதைப் பொருத்திச் சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்று மின்னிக் கீங் கீங் என்று கத்தியது. தொட்டி மேலே தூக்கியிருக்கிறது, இறக்கு என்று எச்சரிக்கை. என் வண்டியில் தூக்குகிற தொட்டியே கிடையாது.

"தான் இன்னும் டிப்பர்னே நெனச்சிட்டிருக்குது சார்," என்று அப்ரோஸ் சிரித்தான். "பழைய வேலைய மறக்க மாட்டேங்குது."

நானும் சிரித்தேன். லேப்டாப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பழைய வண்டியின் விவரத்தை அழித்து, என் வண்டியின் எண்ணை ஏற்றினான். லைட். வைப்பர். ஹாரன், ஒரே ஒரு தடவை, நான் அழுத்தியபோது மட்டும். பத்து நாள் மீதமிருக்கிறது. எஃப்சிக்கு வண்டி தயார்.

கழற்றிய மாட்யூலைத் திறந்து பார்க்க நாளைக்கு வரச் சொன்னேன். ஏன் போனது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

நவம்பர் 19, செவ்வாய்

174/106.

தண்ணீர்.

நவம்பர் 20, புதன்

168/102.

நேற்று எழுத முடியவில்லை.

அப்ரோஸ் ஆறு ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் தூக்கினான். சர்க்யூட் பலகையின் ஒரு ஓரம் முழுக்கப் பச்சைப் பூஞ்சை போலச் செம்பு அரித்திருந்தது. அடியில் மஞ்சள் கறை. சாக்கெட்டின் இடுக்கில் காய்ந்த சந்தனம். நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தான்.

"பூஜைக்கு உள்ளயும் தண்ணி அடிச்சிருக்காங்க சார். வருசா வருசம் ஆயுத பூஜை முடிஞ்சா எனக்கு இதே கேசு நாலு வரும். கரண்ட் இருக்கற எடத்துல தண்ணி நின்னா ரெண்டு வாரம் போதும். ஈரம் ஏறுனா எல்லாம் ஆஃப் ஆயிரும். வெயில்ல காஞ்சா மறுபடி எரியும். அதனால மறுநாள் பாத்தா ஒண்ணுமே தெரியாது." பிறகு, யாரையோ பற்றிச் சொல்வதுபோல, "டிரைவருங்க பாவம் சார். சொன்னா எவனும் நம்ப மாட்டான்" என்றான்.

குழுவில் நான் போட்டதை அவன் படித்திருக்கிறானா என்று தெரியவில்லை. அவனும் அந்தக் குழுவில் இருக்கிறான்.

முதலில் அளந்து பார்.

அக்டோபர் 20ஆம் தேதி வாக்கில் சித்தையன் போனில் சொன்னது: "இன்டிகேட்டர் தானா மினுக்குதுங்க." இரண்டு நாள் கழித்து: "வைப்பர் நின்னு நின்னு போவுதுங்க." இரண்டு தடவையும் ஃப்யூஸைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன். இதை முன்பே எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

நவம்பர் 21, வியாழன்

பார்க்கவில்லை.

எடப்பாடி ரோட்டில் ஒரு செங்கல் சூளையில் சித்தையன் டிராக்டர் ஓட்டுகிறார் என்று ரேணுகாவுக்குத் தெரிந்திருந்தது. தீபாவளியன்று பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாளாம். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரிகிறது.

என்னைப் பார்த்ததும் டிராக்டரை நிறுத்தி இறங்கினார். புருவமெல்லாம் செம்மண்.

"வாங்க சாருங்க. வண்டி எப்படி இருக்குதுங்க?"

முதல் கேள்வியே அதுதான்.

"பிசிஎம் போயிருந்துது. மாத்தியாச்சு. உள்ள தண்ணி. ஆயுத பூஜையன்னிக்கு நான் அடிச்ச தண்ணி."

கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார். இத்தனை நாளில் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"அன்னிக்கி எப்படி நிறுத்துனீங்க?"

"எல்லாம் ஒண்ணாப் போச்சுங்க. கண்ணாடி பூரா தண்ணி. முன்னால ஒரு வேனு, அதுல பின்சீட்டுல ஒரு கொழந்த கண்ணாடில கைய வெச்சுட்டு நின்னுது. கடைசியாத் தெரிஞ்சது அதானுங்க. ஹாரன அமுக்குனா சத்தமில்ல. தலைய வெளிய நீட்டிக்கிட்டேன். ரோட்டுல வெள்ளக் கோடு மட்டும் தெரிஞ்சுது. அதையே புடிச்சுட்டு கியரக் கொறச்சுக் கொறச்சு எறக்குனேன். மண்மேடு வந்துச்சு, சாச்சுட்டேன். அவ்ளோதானுங்க."

அவ்வளவுதான். இருபது டன் லோடு, அந்த இறக்கம், அந்த மழை. அந்த வேனில் இருந்தவர்களுக்கு இவரைத் தெரியாது. எனக்கு, அப்பா காலத்திலிருந்து, ஆறு வருடமாகத் தெரியும்.

"நான் குடிக்கறதில்லீங்க. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் எழுதுனீங்க."

சூளை வேலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குச் சொல்லி என்னங்க ஆவுது? நான் குடிக்கலன்னு எனக்குத் தெரியும். அந்த நானூறு பேருக்குத்தான் தெரியாது. என் புள்ள படிக்கற பள்ளிக்கூடத்துல வேன் ஓட்டக் கேட்டுப் போனேன். அங்கயும் நீங்க எழுதுனத போட்டோவோட வெச்சிருக்காங்க. புள்ள அதப் பாத்துட்டா."

டிராக்டரில் ஏறிவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, "டீ குடிச்சுட்டுப் போங்க, வெயிலு" என்றார்.

நவம்பர் 23, சனி

156/98.

குழுவில் போட நாலு தடவை எழுதினேன். முதலில், 'சில தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட தவறான புரிதல்.' ரேணுகாவிடம் காட்டினேன்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

இரண்டாவதில் மாட்யூல், ஈரப்பதம், அரிப்பு என்று ஒரு பக்கம். "பாடம் எடுக்கறீங்களா?" என்றாள். மூன்றாவதைப் பாதியில் நிறுத்தி, பழைய செய்தியை அழித்துவிட்டால் போதாதா என்று கேட்டேன். அவள் மிக்ஸியைப் போட்டாள்.

நாலாவதைக் காட்டாமலே அனுப்பினேன். அது இதுதான்:

'அக்டோபர் 28 அன்று டிரைவர் சித்தையனைப் பற்றி இங்கே நான் எழுதியது பொய். அவர் குடிப்பதில்லை. அது எழுதும்போதே எனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு நான் கேபினுக்குள் தண்ணீர் அடித்ததால் வண்டியின் பிசிஎம் கெட்டு, தொப்பூர் இறக்கத்தில் மழையில் லைட், வைப்பர், ஹாரன் மூன்றும் நின்றன. உள்ளே தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று அவர் சொன்னார். கோளாறு இருப்பதாக இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை. அப்படியிருந்தும் யார் உயிருக்கும் சேதமில்லாமல் வண்டியை நிறுத்தியவர் அவர். என் பழைய செய்தியை யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கெல்லாம் இதையும் அனுப்புங்கள். குணசீலன்.'

அனுப்பிய பிறகு அழுத்தம் பார்க்கும் கருவியை எடுக்கத் தோன்றவில்லை. மேலே உள்ளது காலையில் பார்த்தது.

நவம்பர் 24, ஞாயிறு

146/92.

குழுவில் கும்பிடும் கை முப்பது, கட்டைவிரல் எண்பது. ஒருவர், 'சார் இப்பத்தான் பாஸாயிருக்காரு.' இன்னொருவர், 'வாத்தியாருக்கே டிசி.' என் தம்பி ஒன்றும் எழுதவில்லை. ஆனால் போன் செய்து, "அண்ணா, சாப்ட்டியா?" என்று கேட்டான். ஏழு மாதத்துக்குப் பிறகு பேசுகிறான். சாப்பிட்டேன் என்றேன்.

சித்தையனின் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்துத் தாளாளர் வீட்டுக்கு நானே நேரில் போய் அவரிடம் அச்செடுத்த காகிதத்தைக் கொடுத்தேன். ரேணுகா எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தாள். ஒன்று இருந்தது.

மூன்று உரிமையாளர்கள் சித்தையனின் நம்பரைக் கேட்டார்கள். கொடுத்தேன். அவரைப் போல ஒரு டிரைவர் எனக்கு இனிக் கிடைக்கப்போவதில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

144/90.

காலையில் அவரே கூப்பிட்டார்.

"சாருங்க, திங்கக்கெழம புது வண்டில ஏறறேன். நாமக்கல் ஓனருங்க. ஏசி கேபின்."

"சந்தோஷம்."

"எஃப்சிக்கு யாரு ஓட்டறா?"

"யாரையாவது பார்க்கணும்."

"யாரையாவதுன்னா கிளட்ச்ச ஒரே நாள்ல முடிச்சுருவாங்க. நானே வர்றனுங்க. எஃப்சிக்கு மட்டும்."

நன்றி என்று சொன்னேன். நேரில் வராத சொல் போனில் வந்துவிட்டது.

நவம்பர் 28, வியாழன்

பார்க்க நேரமில்லை.

ஏழு மணிக்கு வந்தார். லாரியை ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொரு டயரையும் உள்ளங்கையால் தட்டினார். ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் இடப்பக்க சீட்டில் ஏறினேன். வண்டி எனக்கு வந்து மூன்று வருடத்தில் அதில் நான் உட்கார்ந்து போவது இதுதான் முதல் தடவை. அந்த உயரத்திலிருந்து ரோடு வேறு மாதிரி இருக்கிறது. மனிதர்கள் சின்னதாக, மிகப் பக்கத்தில்.

சட்டை உறையை மடியில் வைத்திருந்தேன். பார்த்துவிட்டார்.

"அது நாப்பதுங்க. எனக்கு நாப்பத்திரண்டு. அன்னிக்கே சொல்லோணும்னு இருந்தேன்."

"மாத்தித் தர்றேன்."

"பில்லு இருக்குதுங்களா?"

இல்லை. இருவரும் சிரித்தோம்.

எஃப்சி மைதானத்தில் லைட், ஹாரன், இன்டிகேட்டர் எல்லாம் பார்த்தார்கள். வைப்பரைப் பார்க்கும்போது சொல்லிவைத்ததுபோல மழை பிடித்துக்கொண்டது. ஆய்வாளர் குடைக்குள்ளிருந்தே தலையாட்டினார். வண்டியைப் பின்னால் எடுத்து ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

வைப்பர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி தெளிவாக இருந்தது. ஆனாலும் சித்தையன் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டார். தோளும் காதும் நனைந்தன. அவருக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

"சாருங்க, மழைல எங்க போறீங்க? ஒக்காருங்க!"

பின்னால் போய், அவர் கண்ணில் படும் இடமாகப் பார்த்து நின்றேன். நான் நிற்கும் இடம் தெரிந்ததும் வண்டி மெதுவாக நகர்ந்து வந்தது. இதை நான் யாருக்கும் செய்ததில்லை. கிளீனர்கள் செய்யும்போது பார்த்திருக்கிறேன். கையை அசைத்துக் குரல் கொடுத்தேன்.

"வரட்டும்... வரட்டும்... கொஞ்சம் லெஃப்ட்டு ஒடி... வரட்டும்..."

அவர் என் குரலைக் கேட்டு வந்துகொண்டிருந்தார். இடம் போதும் என்றதும் வண்டியின் ஈரமான பின்பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன். உடனே நின்றார்.